அமைதிக்கோர் அறிவித்தல்

றஜிதாவின் படிவத்தில் ஒன்பது நிபந்தனைகள் இருந்தன. முதல் எட்டையும் எந்தக் காடும் எப்படியாவது நிறைவேற்றிவிடும். குடிக்கத் தண்ணீர், கூடாரம் போடச் சமநிலம், அவசரத்துக்கு வாகனம் போய்வர ஒரு தடம் என்று போகும் சாதாரண நிபந்தனைகள். ஒன்பதாவதுதான் எல்லோரையும் கவிழ்த்தது. தொடர்ச்சியாகப் பதினாறு மணித்தியாலங்களுக்கு மனிதக் குரலோ, மனிதர் உண்டாக்கும் ஓசையோ அங்கே கேட்கக் கூடாது. அதற்குச் சாட்சியாகக் கைப்பிடி அளவான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அவள் வேலைபார்க்கும் ஹோட்டல் அவளிடம் கொடுத்திருந்தது. அதை மரத்தில் தொங்கவிட்டு, பதிவைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்.

கண்டிக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்தது அந்த ஹோட்டல். அங்கு வந்து இறங்கும் வெளிநாட்டவரும் கொழும்பு ஆட்களும் முதலில் வைபை கேட்பார்கள். மூன்றாம் நாள் சத்தமே இல்லாத இடம் கேட்பார்கள். அப்படியோர் இடம் தேடி ஆறு மாதத்தில் பதினொரு காடுகளில் றஜிதா படுத்தெழும்பிவிட்டாள். ஓர் அருவிக்கரையில் அலுவலகச் சுற்றுலா ஒன்று றபான் மேளத்தோடு வந்து சேர்ந்தது. இன்னொரு காட்டில் பதினைந்தாவது மணித்தியாலத்தில், பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் சங்கீதத்தோடு கூடாரத்தின் வாசலுக்கே வந்து நின்று, மீன் வைத்த மாலுபாண் வேண்டுமா என்று கேட்டது. மாலுபாண் நன்றாகத்தான் இருந்தது. காடு தோற்றது.

பன்னிரண்டாவது காடு நுஸ்கியுடையது.

நுஸ்கி அலவத்துகொடக்காரன். முஹைதீன் ஹாஜியாரின் மகள் ருஷ்தாவைக் கலியாணம் முடித்தவன். இரண்டு வருடம் மாமனாரின் ஹாட்வெயார் கடையில் நின்றான். ஒருநாள் பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு, இனிமேல் காட்டுப்பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவதுதான் தொழில் என்று அறிவித்தான். ஹாஜியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நுஸ்கிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மகன், காட்டுல ஓட்ட ஜீப்பு. ஊட்ட ஓட்ட கடை. இந்த மாசம் முடியும் வரைக்கும் பாருங்க. சரிவந்தா அல்ஹம்துலில்லாஹ். வராட்டி திங்கக்கெழம வந்து கவுண்டர்ல நில்லுங்க. பிவிசி பைப்பு எல்போ புதுசா எறக்கி ஈக்கி, அளவு பாத்துப் பிரிக்கோணும்."

மாதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. றஜிதா சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். ஹோட்டல் ஒப்புக்கொண்டால் வாரத்துக்கு வாரம் ஆட்கள் வருவார்கள். இல்லையென்றால் எல்போதான்.

நுஸ்கியின் இடம் பன்வில கடந்து, தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்பிரிவுக்கும் மேலே இருந்தது. தோட்டத்துக்குச் சொந்தமான, முப்பது வருடமாகக் கைவிடப்பட்ட ஏலக்காய்க் காடு. தோட்டத்துத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தான். நாலு ஓடைகளைக் கடந்து, ஜீப்பை லோ கியரில் போட்டு ஏறினால், பாறைக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு சின்னப் புல்வெளி. போனுக்குச் சிக்னல் இல்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் நுஸ்கி நெஞ்சை நிமிர்த்துவான்.

ஒரே ஒரு குறை. கீழே தொழிலாளர் லயங்களில் இருக்கும் பெண்கள் விறகுக்கு அந்தப் பாதையால்தான் ஏறுவார்கள். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டு பேர் கத்திக்கத்திப் பேசிக்கொண்டே வந்து பார்ப்பார்கள். சனி பின்னேரம் நாலு மணியிலிருந்து ஞாயிறு காலை எட்டு மணி வரைக்கும் அவர்கள் வராமல் இருந்தால் போதும்.

"ஊடு ஊடாப் போய்ச் செல்லிட்டு வாங்களே," என்றாள் ருஷ்தா. "நாப்பது ஊடுதானே?"

"நாப்பது ஊட்டுலயும் தேத்தண்ணி தருவாங்க. எல்லாத்தயும் குடிச்சா நான் வந்து சேர மாட்டேன்."

அது ஒரு காரணம். உண்மையான காரணம், அவன் பிறந்து வளர்ந்த ஊர். அலவத்துகொடயில் ஒரு செய்தியை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வழக்கம் யாருக்கும் கிடையாது. யாராவது மௌத்தாகி அடக்கம் என்றாலும், மாடு காணாமற்போனது என்றாலும், யாரோ தவறவிட்ட சாவிக்கொத்து என்றாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் சொல்லும். ஒலிபெருக்கியில் வராத செய்தி நடந்ததாகவே கணக்கில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நுஸ்கி நேராகத் தோட்டத்துக் கோயிலுக்குப் போனான். கோயிலின் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்தவன் துஷாந்த். இருபத்தைந்து வயது, தெளிவான குரல், செய்வதைத் திருந்தச் செய்கிறவன். அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினான். மாமனாரின் கடையையும் விடவில்லை.

"ஒரு ஆளுக்கும் தெரியாமப் போகப்படாது தம்பி. மைக்ல நல்லாச் செல்லுங்க."

"நீங்க போங்க நானா. நான் பாத்துக்கிறேன்."

அன்று இரவுப் பூசைக்குப் பிறகு ஒருமுறை சொல்வான் என்று நுஸ்கி நினைத்தான். முதல்நாள் சொல்வதை மறுநாள் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பது துஷாந்தின் அனுபவம்.

சனிக்கிழமை றஜிதா தன் கணவன் மயூரதனோடு வந்தாள். மயூரதன் மின் பொறியியலாளர். பதினொரு காடுகளிலும் அவரும் படுத்தெழும்பியவர் என்பதால் தலையணையை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மூன்றாவது ஓடையில் ஜீப் ஒருபக்கம் சரிந்தபோது தலையணையைத்தான் முதலில் பிடித்தார்.

"தம்பி, இது பாதையோ, இல்லாட்டி ஓடையோ?"

"ரெண்டும்தான் சேர். மழைக்கு ஓடை, வெயிலுக்குப் பாதை."

"இண்டைக்கு?"

"இண்டைக்குக் கொஞ்சம் ஓடை."

புல்வெளியைக் கண்டதும் றஜிதா ஜீப்பிலிருந்து இறங்கிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஓடை பாறையில் உரசிக்கொண்டு போனது. எங்கோ ஒரு குக்குறுவான் விட்டுவிட்டுக் கூவியது. கூடாரம் அடித்து முடிந்ததும், சரியாக நாலு மணிக்கு, கருவியைக் காட்டுக் கறுவா மரமொன்றின் கிளையில் தொங்கவிட்டு அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. நுஸ்கி கைவிரலால் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டான். மயூரதன் கைவிரலால் சீனி வேண்டாம் என்றார்.

இருபது நிமிடம் காடு காடாக இருந்தது.

பிறகு பள்ளத்தாக்கிலிருந்து யாரோ இரண்டு தரம் தட்டினார்கள். டொக், டொக். அதைத் தொடர்ந்து ஊதும் சத்தம். அதற்குப் பிறகு குரல்.

"அன்பார்ந்த தோட்ட மக்களுக்கோர் அறிவித்தல். நமது தோட்டத்தின் மேல்காட்டுக்குக் கண்டியிலிருந்து றஜிதா மிஸ் அவர்களும் அவர்களது கணவர் அவர்களும் அமைதியை நாடி வருகை தந்துள்ளார்கள். ஆகவே நாளைக் காலை எட்டு மணி வரை எவரும் அப்பாதையால் செல்ல வேண்டாமெனவும், எவ்வித சத்தமும் போட வேண்டாமெனவும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். அமைதி காக்கவும். அமைதி காக்கவும்."

எதிரில் இருந்த பாறை அதை வாங்கி, அமைதி காக்கவும் என்று இன்னொருமுறை சொன்னது.

நுஸ்கி வாயைத் திறந்தான். சிவப்பு விளக்கைப் பார்த்தான். மூடினான். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கவனமாகப் புல்லில் வைத்தான். ஜீப் சாவியை மயூரதனின் தலையணைமேல் வைத்துவிட்டு, கீழே போகும் குறுக்குப் பாதையில் பாய்ந்து ஓடினான். போன் வேலை செய்யாத இடத்தைத் தேடிப்பிடித்தவன் அவன்தான். ஜீப்பை எடுத்தால் அதன் சத்தம் ஒலிபெருக்கியை விட மோசம்.

றஜிதா கருவியை நிறுத்தினாள்.

"கோண் ஸ்பீக்கர்," என்றார் மயூரதன். இருபது நிமிடத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. "நல்ல சாமான். எங்கட பக்கம் திருப்பி வைச்சிருக்கினம்."

"என்ர பேர் எப்பிடியப்பா அவங்களுக்குத் தெரியும்?"

பதில் பத்து நிமிடம் கழித்து ஒலிபெருக்கியிலேயே வந்தது.

"மீண்டும் அறிவிக்கிறோம். மூன்றாம் லயத்தில் ரேடியோச் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் கவனிக்கவும். றஜிதா மிஸ் அவர்கள் திருப்தி அடைந்தால் மட்டுமே நமது நுஸ்கி நானா அவர்களின் ஜீப் தொழில் நிலைக்கும். இல்லாவிடில் அவர் மாமனாரின் கடைக்கே திரும்ப வேண்டி வரும் என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத் தருகிறோம்."

"என்ன கடை?" என்று கேட்டார் மயூரதன்.

"ஹாட்வெயார் எண்டு சொன்னவன்."

"பாவம்."

அடுத்தடுத்த அறிவித்தல்களில் இரண்டு நாய்களின் சொந்தக்காரர்களும், கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டமும், நேரம் தவறிக் கூவிய சேவலொன்றின் வீட்டு இலக்கமும் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியவந்தன. ஐந்தேகாலுக்கு நடுவாக்கியத்தில் குரல் அறுந்தது. இழுபறியும் மூச்சிரைப்பும் கேட்டன. ஒலிவாங்கி மூடப்படாமலே இருந்தது.

"நிப்பாட்டுங்க தம்பி! நிப்பாட்டுங்க!"

"ஏன் நானா, சத்தம் பத்தலயா?"

இறுதியாகத் துஷாந்த் புண்பட்ட குரலில் பேசினான். "இனி அறிவித்தல்கள் இடம்பெறமாட்டா என்பதை அறிவிக்கிறோம். றஜிதா மிஸ் அவர்கள் மன்னிக்கவும்." டொக்.

மயூரதன் தலையணையைச் சுருட்டத் தொடங்கினார். "பதின்மூண்டாவதைப் பாப்பம். எழும்பும்."

றஜிதா எழும்பவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மலைகளில் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் கீழேயிருந்து ஏதாவது வரும். தொலைக்காட்சி நாடகத்தின் அழுகை, பிள்ளையைக் கூப்பிடும் தாய், யாரோ இரும்பில் தட்டுவது. பதினொரு காடுகளிலும் அது வந்தது. இப்போது ஒன்றுமே வரவில்லை. நாற்பது வீடுகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்தச் சேவலை என்ன செய்தார்களோ தெரியாது, அதுவும் இல்லை.

படிவத்தை எடுத்து ஒன்பதாவது நிபந்தனையை இரண்டு தரம் வாசித்தாள். தொடர்ச்சியாக என்று இருந்தது. நாலு மணியிலிருந்து என்று எங்கும் இல்லை.

"ஆறு மணிக்குத் திருப்பிப் போடுறன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும். அதுவரைக்கும் நாங்களும் கதைக்கேலாது."

"நீரோ? பதினாறு மணித்தியாலம் கதைக்காமலோ?"

"ஓம்."

"சரி," என்று மயூரதன் தலையணையை மறுபடியும் விரித்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக நம்பிக்கை தெரிந்தது.

கீழே நுஸ்கிக்கு வேறு பிரச்சினை. ஒலிபெருக்கியின் மின்வயரைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். என்மேல நம்பிக்கை இல்லையா நானா என்று துஷாந்த் கேட்டான். நம்பிக்கை இருக்கிறது, வயர் என்னிடமே இருக்கட்டும் என்றான் நுஸ்கி. மன்னிப்புக் கேட்கலாமென்று மேலே போகத் திரும்பினால், பாதை தொடங்கும் இடத்தில் தவமணி உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்களில் மூத்தவள். அவளோடு இன்னும் நாலு பெண்கள். குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை.

"எங்க போறீங்க?"

"மேல. என்ட ஆக்கள் அங்க ஈக்கிறாங்க."

"எட்டு மணி வரைக்கும் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கேக்கலயா?"

"அத செல்லச் சொன்னதே நான்தானே!"

"சொன்னவருக்குத் தெரிய வேணாமா? மொதல்ல சத்தத்தக் கொறைங்க."

அன்றிரவு நுஸ்கி துஷாந்தின் வீட்டில், பையில் வயரோடு படுத்தான். றொட்டியும் சம்பலும் சைகையில் பரிமாறப்பட்டன.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தவமணி கட்டையை விலக்கினாள். நுஸ்கி ஏறினான். ஏறும் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தான். மிஸ், எனக்குக் கடையில் நிற்கப் பயமில்லை, ஆனால் நீங்கள் இந்தக் காட்டுக்கு இன்னொரு சந்தர்ப்பம்... இல்லை, அது சரியில்லை. மிஸ், பிழை என்னுடையதுதான்...

புல்வெளியில் அவன் வாயைத் திறந்ததும் றஜிதா பாய்ந்து வந்து விரலை உதட்டில் வைத்தாள். கறுவாக் கிளையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மயூரதன் ஒரு கடதாசியில் எழுதி நீட்டினார். 'ஆறுக்குத் திரும்பத் தொடங்கினது. பத்து மணி வரை. இதுவரை சுத்தம்.'

நுஸ்கி அதை வாசித்தான். கடை, கவுண்டர், எல்போ எல்லாம் ஒரு நொடி விலகி நின்றன. அடுத்த நொடி மணியைப் பார்த்தான். லயத்துக்கு அவன் சொன்னது எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை விறகு நாள்.

சொல்லிவைத்தாற்போல் பாதைத் திருப்பத்துக்குக் கீழேயிருந்து வளையல் சத்தம் வந்தது. நுஸ்கி ஓடினான். கயிறும் கத்தியுமாக ஏறிவந்துகொண்டிருந்த தவமணியும் நாலு பெண்களும், கைகளை விரித்துக்கொண்டு சறுக்கிவரும் மனிதனைப் பார்த்து நின்றார்கள். அவன் தன் வாயைப் பொத்திக் காட்டினான். மேலே காட்டினான். பத்து விரல்களையும் விரித்தான்.

தவமணிக்குப் புரிந்தது. முந்தியநாள் பழக்கம். திரும்பி மற்றவர்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். பின்னால் வந்த பையனொருவனிடம் பத்து விரல் காட்டி, லயத்துக்கும் சொல்ல அனுப்பினாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. விறகு இல்லாமல் போனால் சமையல் எப்படி?

நாற்பத்தைந்து நிமிடம் அந்த ஐந்து பெண்களும் ஏலக்காய்க் காட்டில் விறகு பொறுக்கியதை றஜிதா கல்லொன்றில் உட்கார்ந்து பார்த்தாள். யாரும் கத்தியைத் தொடவில்லை. சுள்ளியை முறிக்கவில்லை. விழுந்துகிடந்ததை மட்டும், தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி அடுக்கினார்கள். கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் புல்வெளியைக் கடந்தபோது, ஒவ்வொருத்தியும் கருவியைப் பார்த்துவிட்டு, கோயில் வாசலைத் தாண்டுவதுபோல மெதுவாகத் தாண்டினாள். அதற்கப்பால் போய் விறகை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். முடிவைப் பார்க்காமல் போக அவர்களுக்கு மனமில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஓர் அட்டை நுஸ்கியின் கணுக்காலில் ஏறியது. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். அதைத் தட்டினால் சத்தம் வரும். குடிக்கட்டும்.

பத்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது. முகம் சுருங்கியது, கண் செருகியது. தவமணி தன் துவாயைச் சுருட்டி அவள் மூக்கில் அழுத்தினாள். இன்னொருத்தி பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டாள். மயூரதன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அவர்கள் மூவர் கையிலும் கொடுத்தார். அந்தப் பெண் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினாள். மற்ற எல்லோரும் சிவப்பு விளக்கையே பார்த்தார்கள்.

றஜிதா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய், பத்து மணிக்கு ஒரு செக்கன் கூடுதலாகவே விட்டு, கருவியை அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

தும்மல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பாஸா, மிஸ்?" என்று நுஸ்கி கேட்டது இரண்டாவது தரம்தான் றஜிதாவின் காதில் விழுந்தது.

"ஒன்பதும் சரி. நாளைக்குப் பதிவைக் குடுக்கிறன். அடுத்த மாசத்திலயிருந்து ஆக்கள் வருவினம்." பேனையால் அடையாளமிட்டாள். "ஆனா ஒண்டு. அறிவித்தல் குடுக்கக் கூடாது."

"அல்லாஹ்மேல ஆணையா மிஸ், இனி ஊடு ஊடாத்தான் போவேன்."

"இந்தாங்க," என்றாள் தவமணி. அவள் சிரிக்கவில்லை. "வாரா வாரம் ஆளு வந்தா வாரா வாரம் நாங்க வாய மூடிக்கிட்டு இருக்கணுமா? வெறகுக்கு நாங்க என்ன பண்றது?"

புல்வெளி மறுபடியும் அமைதியாயிற்று. இம்முறை யாருக்கும் அது பிடிக்கவில்லை. நுஸ்கி கணுக்காலைச் சொறிந்தான்.

"விறகு நாளை மாத்தேலாது," என்றாள் றஜிதா. "விருந்தாளிகளின்ர நாளை மாத்தலாம். செவ்வாய் பின்னேரம் வந்து புதன் காலமை போகட்டும். நீங்கள் வேலைக்குப் போயிருப்பியள்தானே?"

தவமணி மற்ற நால்வரையும் பார்த்தாள். "புதன்னா சரி. ஆனா ராத்திரி நாடகம் பாப்போம். நேத்து ஒண்ணு போச்சு. கல்யாணம் நடந்துச்சான்னு இன்னும் தெரியாது."

"சத்தத்தக் கொறச்சி வெக்கிறீங்களா, அக்கா?" என்று நுஸ்கி கேட்டான்.

"கொறச்சிப் பாக்குறோம்," என்றாள் தவமணி. "நீங்க ஒரு நாளைக்கி வந்து எல்லா வீட்டுலயும் தேத்தண்ணி குடிங்க. அப்பத்தான் பேச்சு."

ஜீப் கீழே இறங்கியபோது பதினொரு மணியிருக்கும். துஷாந்த் கோயிலடியில் கைகட்டி நின்றான். நுஸ்கி பையிலிருந்து வயரை எடுத்து ஜன்னலால் நீட்டினான்.

"நானா, நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும் தம்பி. பாஸ்." நுஸ்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினான்.

சிக்னல் திரும்பியதும் அவன் போன் ஒன்பது தரம் அடுத்தடுத்து அதிர்ந்தது. எட்டு அழைப்பு ருஷ்தாவிடமிருந்து. ஒன்று ஹாஜியாரிடமிருந்து. அவன் ஜீப்பை ஓரத்தில் நிறுத்தி, மாமனாருக்கே முதலில் எடுத்தான்.

"மாமா, ஸலாம். நான் செல்ல வந்தது—"

அதற்குள், தேயிலை மலை முழுவதற்கும் மேலாக, பின்னாலிருந்து டொக், டொக் என்று கேட்டது.

"அன்பார்ந்த தோட்ட மக்களுக்கோர் மகிழ்ச்சியான அறிவித்தல்..."

மயூரதன் பின்னிருக்கையில் தலையணையைக் காதோடு சேர்த்து அணைத்தார். றஜிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்டு பத்து," என்றாள். "இப்பப் பரவாயில்லை."

நுஸ்கி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். ஹாஜியார் மறுமுனையில் முழுவதையும் கேட்டார். ஒலிபெருக்கியில் வந்த பிறகு, மருமகன் தேறியதில் அவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.